மாட்டுக்கு மூன்று, மனிதனுக்கு இருபது

1953 பெப்ரவரி 20, வெள்ளி
காலையில் பனி. வெள்ளாமை வெட்டியாயிற்று, நெற்கதிரைச் சூடு மிதிக்க எருமை போதாது. நாளை இறக்காமம் போய் வாடகைக்குக் கேட்க வேண்டும். மகன் ஹாரிஸின் பெண்டாட்டிக்கு மாதம் நிறைந்துவிட்டது. மாங்காய் கேட்டாளாம்.

21, சனி
இறக்காமம். நெற்களமான களவெட்டியில் சூடு மிதித்துக்கொண்டிருந்த எருமைகளில் ஒன்று என்னுடையது! நாலு வருடத்துக்கு முன் களவுபோன சோடியில் ஒன்று. அதே கிழிந்த காது. சத்தம் கொடுத்தேன், நின்று திரும்பிப் பார்த்தது. என் குறியின் மேல் வேறு குறி சுட்டிருக்கிறார்கள். பழைய கோடு உள்ளே தெரிகிறது.

களவெட்டியில் சண்டை பிடித்தால் நெல் பொலி குறையும் என்பார்கள். வாயைப் பொத்திக்கொண்டேன். தேத்தண்ணீர் குடிக்கும்போது மாட்டுக்காரரிடம் மெதுவாக விசாரித்தேன்.

"சாய்ந்தமருதார் ஒராள் கொணந்து வித்தார். மகளுக்கு வூடு கட்டுறன் எண்டார். வலது கையில ரெண்டு விரல் இல்ல."

விரல் இல்லாத அந்த ஆள் என் ராத்தாவின், கூடப்பிறந்த அக்காவின், புருஷன். அந்த மகள் என் மருமகள். அந்த வீட்டில்தான் ஹாரிஸ் குடியிருக்கிறான்.

22, ஞாயிறு
நித்திரை இல்லை. மாடுகளை என்னோடு காடு காடாகத் தேடித் திரிந்தவர் இந்த மச்சான். "ஆனை அடிச்சிரிக்கும், உடு" என்றவர். பள்ளிவாசலில் நிருவாகம் பார்க்கும் மரைக்கார்மார் விசாரித்தபோது, தான் எடுக்கவில்லை என்று குர்ஆனில் கை வைத்து முதலில் சத்தியம் பண்ணியவரும் அவர்தான். பள்ளி விசாரித்ததைப் பொலிசுக்குக் கொண்டுபோவது ஊருக்கு அவமானம். நானும் போகவில்லை. மடையன்.

அந்த வீட்டுக்கு வாசல் நிலை தூக்கி வைத்தவனும் நான்தான்.

23, திங்கள்
கல்முனை. வழக்குப் பேசும் பிறக்கிறாசியாரின் கந்தோருக்குப் போனேன். ஆளைச் சொல்லாமல் கேட்டேன்.

"மாட்டைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட மூணு வருசம்தான். அது போயிற்று. களவெடுத்த ஆளைக் கோட்டுக்கு இழுக்க இருவது வருசம் இருக்கு. கொலைக்கெண்டா தவணையே இல்ல, எப்பவும் இழுக்கலாம்."

"இந்தியாவிலயும் இப்பிடித்தானா?"

"அங்க களவுக்கும் தவணை இல்ல. நாட்டுக்கு நாடு சட்டம் வேற."

மாடு வராது. மச்சான் மறியலில் கம்பி எண்ணலாம். ராத்தா என்ன ஆவாள்? பஸ்ஸில் குடையை மறந்துவிட்டேன்.

25, புதன்
மச்சான் வந்தார், ஒரு பாரை மீனோடு. இறக்காமத்துக் கதை அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. மழை, நெல் விலை என்று சுற்றிவிட்டுக் கேட்டார்:

"மூணு வருசம் கழிஞ்சா களவு வழக்கு எடுபடாதாமே, மச்சான்?"

மன்னிப்புக் கேட்பார் என்றுதான் பார்த்திருந்தேன். தவணை கேட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஓம். மாட்டுக்கு மூணு. மனிசனுக்கு இருவது. இன்னும் பதினாறு கிடக்கு."

மீனை வைத்துவிட்டு எழும்பிப் போனார். என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

26, வியாழன்
தூறல். மீனைப் பூனை தின்றுவிட்டது. விடியவே ராத்தா ஓடி வந்தாள்.

"பேத்தி பொறந்திரிக்கி! வூட்டுக்குச் சொந்தக்காரி வந்திட்டா. உன்ட மச்சானப் புள்ளைட காதில பாங்கு சொல்லச் சொன்னா மூலைக்குள்ள குந்திட்டு இரிக்காரு. என்னகா அவருக்கு? நீ வந்து சொல்லு."

போனேன். பிள்ளையின் காதில் பாங்கு சொன்னேன். மச்சான் மூலையிலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தவணை முடியும்போது இவளுக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளை பார்ப்போம். இந்த வீட்டைத்தான் சீதனமாக எழுதிக் கொடுப்போம்.