இரண்டு பொட்டணமும் வெள்ளை

பள்ளங்கி,
கார்த்திகை 10, புதன்கிழமை.

அன்பு மகள் தாரணிக்கு அப்பா எழுதுவது.

அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா? கொடைக்கானல் குளிரில் வளர்ந்த பிள்ளையை டெல்லிக் குளிர் என்ன செய்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நீ இருமினால் என் மானம் போய்விடும். அம்மா பின்னிய ஸ்வெட்டரை அலமாரியில் மடித்து வைக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்.

போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நடுவில் நீ அழுவாய், இல்லையென்றால் நான் அழுவேன், இரண்டும் இல்லாவிட்டால் டவர் போய்விடும். இதைப் பாதியில் நிறுத்தக் கூடாது. காலையில் வத்தலக்குண்டுக்குக் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு போனவன், பாதி மலையில் பிக்கப்பை ஓரங்கட்டிவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷமாக அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறேன், இப்படி உட்கார்ந்தது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதில் ஆரம்பிக்கிறேன். அனாடமி பரீட்சையில் தோற்றுவிட்டேன், சாப்பாடு இறங்கவில்லை, பேசுவதற்கு ஒருத்தரும் இல்லை என்று வரிசையாகச் சொன்னாய். அப்புறம் நீயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பரவால்லப்பா, முருகன் சொன்ன எடம். இருந்துதான ஆகணும்" என்றாய். டவர் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

முருகன் சொல்லவில்லை, தாரணி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆவணியில் டாக்டர் படிப்புக்கு உனக்கு இரண்டு இடம் கிடைத்த அன்று நம் வீடு இருந்த இருப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். டெல்லியிலும் அரசாங்கக் கல்லூரி, திண்டுக்கல்லிலும் அரசாங்கக் கல்லூரி. மூன்று நாளைக்குள் ஏதாவது ஒன்றில் போய்ச் சேர வேண்டும். உன் பள்ளிக்கூடத்து ஆக்னல் சார் டெல்லியை விடவே கூடாது என்றார். உன் சித்தப்பா, பெண்பிள்ளையைக் கண்காணாத ஊருக்கு அனுப்புவாயா என்று சத்தம் போட்டான். நான் நடுவில் நல்லவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் மனதுக்குள் திண்டுக்கல்தான். கேரட்டை இறக்கிவிட்டு ஒரு எட்டுப் போய் உன்னைப் பார்த்துவிட்டு வரலாம், சனிக்கிழமை நீயே பஸ் ஏறி வந்துவிடுவாய். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் மகள் படிப்பைக் கெடுத்த அப்பன் என்று பேராகிவிடும். அதனால்தான் முருகனிடமே பூக்கட்டிக் கேட்டுவிடுவோம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். போர்க்கிணறு போடுவதென்றாலும் பெண் கொடுப்பதென்றாலும் நம் ஊரில் அப்படித்தானே கேட்கிறோம். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சின்னப் பிள்ளை எடுப்பதில் வெள்ளை வந்தால் திண்டுக்கல், சிவப்பு வந்தால் டெல்லி. வெள்ளை அரளியும் செவ்வரளியும் நான்தான் வாங்கி வந்தேன். சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டணம் கட்டியதும் நான்தான். இரண்டிலும் வெள்ளைப் பூவையே வைத்தேன். இலையை ஒரே அளவாக மடித்து, நூலைச் சுற்றி, சாமி அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அன்றைக்கு இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கோயிலில் பக்கத்து வீட்டுச் சின்னக் குட்டி சுகன்யா ஒரு பொட்டணத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி சண்முகராஜ் பிரித்தார். சிவப்பு.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், சிவப்புதான். அந்த இடத்திலேயே நான் விழுந்து கும்பிட்டதைப் பார்த்து, கதிர்வேலுக்கு என்ன பக்தி என்று ஊர் பேசியது. பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. பயத்தில் விழுந்தேன். ஏமாற்ற வந்தவனை முருகன் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான் என்று நினைத்தேன். இன்னொரு பொட்டணத்தைப் பிரிக்கக் கூடாது என்பது வழக்கம். பூசாரி அதை அப்படியே ஓடைத் தண்ணீரில் விட்டுவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு உன்னை ரயிலேற்றக் கூட்டிப் போனேன்.

இந்த மூன்று மாதமாக நான் பீடியைத் தொடவில்லை, கறி தின்னவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி வரைக்கும் நடந்து போய் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். அப்பா திருந்திவிட்டார் என்று அம்மா உன்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாளே, அதன் காரணம் இதுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்ட பிறகு மனதுக்குள் வைத்திருக்க முடியவில்லை. நேற்று வெள்ளனே அம்மாவும் நானும் கேரட் கழுவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த கேரட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ரெண்டும் வெள்ளையின்னு எனக்குத் தெரியுங்க. நீங்க குளிக்கப் போனப்ப நாந்தான் பிரிச்சுப் பாத்தேன். ரெண்டுலயும் செவப்ப மாத்தி வச்சதும் நாந்தான்" என்றாள்.

உன்னை அனுப்பிவிட்டுப் பத்து நாள் அழுதவள் அவள். உன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து அழுதவள். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள என்னைவிட அவளுக்குத்தான் ஆசை என்று சாமி மேல் சத்தியம் செய்திருப்பேன். சாமி அலமாரியில் இருந்த பொட்டணத்தைப் பிரிக்க உனக்கு எப்படி மனது வந்தது என்று கேட்டேன்.

"அத வச்சிட்டு நீங்க திரும்புனப்ப உங்க மொகத்தப் பாத்தேன். எனக்குப் பூக்கட்டுன அன்னைக்கு எங்கப்பா மொகமும் இப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள்.

உன் கன்னிவாடித் தாத்தா கட்டிய பூவைப் பற்றித்தான் சொன்னாள். உனக்கு அந்தக் கதை பாதிதான் தெரியும். பன்னிரண்டாவது முடித்ததும் அம்மாவுக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அதே நேரத்தில் நான் பெண் கேட்டுப் போனேன். படிப்பா கல்யாணமா என்று தாத்தா பூக்கட்டிக் கேட்டார், கல்யாணம் என்று வந்தது. உனக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், முருகனே எனக்குப் பார்த்துக் கொடுத்த பெண்டாட்டி என்று. கல்யாண வீட்டில், டீக்கடையில், லோடு ஏற்றும் இடத்தில், எங்கே போனாலும் இந்தப் பெருமைதான். ஒரு தடவைகூட அவள் அதற்குச் சிரித்ததில்லை. நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

அப்படியென்றால் நம் கல்யாணமும் பொய்யா விசாலாட்சி என்று கேட்டேன். "தெரியலங்க. அன்னைக்கு ரெண்டாவது பொட்டணத்த யாரும் பிரிக்கல" என்றாள். அவ்வளவுதான். கேரட் மூட்டையைத் தைக்கப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன், தாரணி. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இல்லை.

நேற்றுச் சாயங்காலம் ஆக்னல் சாரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லவில்லை, திண்டுக்கல் இடம் இன்னும் இருக்குமா என்று மட்டும் கேட்டேன். அது அப்போதே வேறு பிள்ளைக்குப் போய்விட்டது, திரும்பி வந்தால் மறுபடியும் பரீட்சை எழுதித்தான் இடம் வாங்க வேண்டும் என்றார். ஆக, உன் கையில் இருந்த இரண்டில் ஒன்றை நாங்கள் தொலைத்துவிட்டோம். என்னால் அதைத் திருப்பித் தர முடியாது.

வரும் வழியில்தான் அந்த மிச்ச அதிர்ச்சியும் வந்தது. நான் வெள்ளை கட்டினேன், அம்மா சிவப்பு கட்டினாள். உன் சித்தப்பாவைக் கேட்டோம், வாத்தியாரைக் கேட்டோம், சாமியையும் இழுத்து நடுவில் நிறுத்தினோம். ராத்திரி பகலாகப் படித்து அந்த இரண்டு இடத்தையும் வாங்கியவள் நீ. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? எனக்கு ஞாபகம் வரவில்லை. அம்மாவைக் கேட்டேன், அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதனால் முருகனுக்காக அங்கே இருக்காதே. எங்களுக்காகவும் இருக்காதே. இருக்கப் பிடித்தால் இரு, தோற்றதை மறுபடி எழுதிக்கொள்ளலாம். முடியவே இல்லை என்றால் ஒரு போன் போடு, நானே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டி வருகிறேன். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்க மாட்டேன். பார்த்துப் பார்த்துத்தான் இந்த நிலைக்கு வந்து நிற்கிறேன்.

இந்தக் கடிதத்தை அம்மா படித்துவிட்டாள். ஒரு எழுத்தையும் அடிக்கச் சொல்லவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைபட்டு நாலு பேர் பிழைத்து எழ வேண்டும். அது எந்த ஊரில் என்று இனிமேல் நான் வேண்டிக்கொள்ள மாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன் தாயி. சுகன்யா பொட்டணத்துக்குக் கை நீட்டியபோது நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எதையோ வேண்டிக்கொண்டிருந்தாய். அப்போது நீ என்ன பூ கேட்டாய் என்று அப்பாவுக்கு எழுது.

உன் அப்பா,
கதிர்வேல்