டிரைவர் சட்டை

அன்பு மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார். நீ வந்திருந்தபோது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலாளிக்கு நெஞ்சு வலித்த அன்று காரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதுமே காவலாளி முதல் எல்லாரும் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். உன் அம்மாவை அதே வலியோடு ஆட்டோவில் கொண்டுபோனபோது, அதே காவலாளி, "பெரியவரே, பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றான்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "உங்க டிரைவர் சட்டைய மாட்டிட்டு வந்திருக்கலாம்ல? முதலாளியம்மான்னு நெனச்சு ஓடி வந்திருப்பானுங்க" என்று சிரித்தாள். கடைசியில் கூப்பிட்டபோது அவளுக்குக் கேட்கவில்லை.

நேற்றிலிருந்து எனக்கும் நெஞ்சில் லேசாக வலி. பதறாதே. புறப்படத்தான் அந்தச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருக்கிறேன். கழுத்துப் பித்தான் மட்டும் திறந்திருக்கிறது. அதை எப்போதும் அவள்தான் போட்டுவிடுவாள்.

கீழே இருப்பது என் கட்டைவிரல் ரேகை.

உன் அப்பா