உடைமைக்கு ஓர் எஸ்

எதிர்வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நீல டப்பாவைத் திறந்தேன். வெண்ணெய் பிஸ்கட் வாசனை. உடனே மூடிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு உங்கள் டேனிஷ் மேனேஜர் கொடுப்பாரே, அதே டப்பா. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள்மேல் எனக்கிருக்கும் கோபம் மட்டும் போகவில்லை.

அந்த எழுபதுகளில் மஸ்கட் முழுக்கக் கட்டிட வேலை. ரூவியில் நமக்கு ஒற்றை அறை. டேனிஷ் கம்பெனியில் நீங்கள் ஸ்டெனோ. பாஷையைக் கற்றுக்கொண்டால் டென்மார்க் ஆபீஸுக்கே அழைத்துக்கொள்வதாக மேனேஜர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பினீர்கள். கைக்குழந்தையைத் திருச்சியில் உங்கள் அக்காவிடம் விட்டுவிட்டு வரச் சொன்னீர்கள்.

"இந்த வெயில் குழந்தைக்கு ஆகாது, கமலா. டென்மார்க் போனதும் கூட்டிக்கலாம்."

நான் மாட்டேன் என்றேன். எனக்கு மட்டும் டிக்கெட் வந்தது.

வந்த முதல் வாரம், சாப்பிட்டுக்கொண்டே பாடம் ஒப்பித்தீர்கள்.

"ரொம்ப சுலபம். நம்ம 'உடைய'வுக்கு அவங்க பேரோட ஒரு எஸ் சேர்த்துடுவாங்க. இங்கிலீஷ்ல எஸ்ஸுக்கு முன்னால மேல ஒரு குறி போடுவாங்களே, அதுகூடக் கிடையாது. கமலாஸ் ஹூஸ். கமலாவோட வீடு."

"நேத்து ஹூஸெத்னு சொன்னீங்களே?"

"அது 'அந்த வீடு'. சொந்தக்காரி பேர் முன்னால வந்துட்டா கடைசி 'எத்' விழுந்துடும்."

பிறகு நீங்களாகவே, "கமலாஸ் டாட்டர், கமலாவோட மக" என்று சொல்லிச் சிரித்தீர்கள். பால் கட்டி எனக்கு மார்பு வலித்துக்கொண்டிருந்தது. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

லீவில் போன மேனேஜர் திரும்பவில்லை. புதிதாக வந்தவருக்கு உங்கள் பெயர்கூடத் தெரியவில்லை. வேலை முடிந்தது, கலாஸ் என்று விசா கொடுத்த அரபி கஃபீல் கையை விரித்துவிட்டார். அப்போதும் ஊரிலிருந்து குழந்தையை வரவழைக்க நீங்கள் சம்மதிக்கவில்லை. வேறு வேலை, வேறு ரூம், இன்னும் கொஞ்ச நாள் என்றே காலம் போயிற்று.

ஊர் திரும்பியபோது அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த மாமி யாரு?" என்று கேட்டாள்.

"பழகிடும்" என்றீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பழகினாள். மரியாதையாகத்தான் பழகினாள். அம்மா என்று அக்காவைத்தான் கடைசிவரை கூப்பிட்டாள்.

போன மாதம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அவள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். "பேஷண்ட் உங்களுக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டாள். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்பாவோட ஒய்ஃப்" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தேன். நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பதில்தான்.