சந்தேகம்னா களை

மார்ச் 3, செவ்வாய்

இன்று இரண்டாயிரம் படம். கண் பூத்துப்போய்விட்டது. தோட்டங்களுக்கு மேலே பறக்கும் இயந்திரம் எடுத்த படங்கள் திரையில் வந்துகொண்டே இருக்கும். அதில் தெரியும் செடி பயிரா, களையா என்று நான் பொத்தானை அழுத்த வேண்டும். மருந்தடிக்கும் இயந்திரம் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறதாம். வகுப்பில் ஒரு கேள்விக்கும் வாய் திறக்காத நான் இப்போது இயந்திரத்துக்கு வாத்தியார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் வழக்கம்போல, "என்னடி, முகத்துல களையே இல்ல? போய்க் கழுவிட்டு வா" என்றான்.

"நாள் முழுக்கக் களைய அழிச்சிட்டு வர்றேன், முகத்துல மட்டும் மிஞ்சுமா?" என்றேன். அண்ணிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

மார்ச் 9, திங்கள்

ஒரு செடி திரும்பத் திரும்ப வருகிறது. வரப்போரம் படர்ந்து, ஊதா நிறத்தில் பொடிப் பூ. பயிர் இல்லை. களை என்று அழுத்தவும் மனம் வரவில்லை. அது பாட்டுக்கு ஓரமாகத்தானே இருக்கிறது? எழுந்துபோய் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். (எங்களுக்குள் அவர் பெயர் கடிகாரம். படத்துக்கு நான்கு நொடிதான் என்று விரட்டுவார்.)

"பயிர் இல்லேன்னா களைதாங்க. சந்தேகம்னாலும் களை. பயிருக்கு ஒண்ணும் நஷ்டமில்லையே."

களை, களை, களை. மதியத்துக்குள் கை தானாகப் போக ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 14, சனி

அண்ணன் தேனீப் பெட்டிகளைச் சூரியகாந்தித் தோட்டத்தோரம் இறக்கிவிட்டு வந்தான். முப்பது பெட்டி, போன வாரம்தான் தேனெடுத்தது. சூரியகாந்தி பூக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். "அதுவரைக்கும் வரப்புப் பூ போதும். வருஷா வருஷம் அதுலதான் ஓட்டுதுங்க" என்றான். கேட்டுக்கொண்டே துணி மடித்தேன்.

மார்ச் 21, சனி

அண்ணனுக்கு விடாத காய்ச்சல். பெட்டியைப் பார்க்கணும் என்று ஒரே புலம்பல். அண்ணி எழுந்திருக்கவே விடவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

எப்படி எழுதுவது?

மூன்று பேரும் போனோம். பெட்டியைத் திறந்தால் சத்தமே இல்லை. தேனடையின் காலி அறைகளுக்குள் தலையை நுழைத்தபடியே தேனீக்கள் செத்திருந்தன. பின்பாகம் மட்டும் வெளியே தெரிந்தது. முப்பதில் இருபத்தாறு பெட்டி இப்படி.

மருந்தா என்று கேட்டேன். "மருந்துன்னா வெளிய கொட்டிக் கெடக்கும். இது பட்டினி" என்றான் அண்ணன். பிறகு பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, "சர்க்கரைப் பாகாவது வெச்சிருக்கணும். காய்ச்சல்னு படுத்துட்டேன். நான்தான் கொன்னுட்டேன்" என்று அழுதான். அப்பா போனபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை.

எங்கள் இயந்திரம் மருந்தடித்துப் போன வரப்பு பெருக்கிவிட்ட தரைபோல இருந்தது. ஓர் ஊதாப் பூ இல்லை.

ஐயோ. நீ இல்லடா அண்ணா. நான்.

ஏப்ரல் 3

சொல்லவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

கடிகாரத்திடம் சொன்னேன். "நம்ம மருந்து தேனீய ஒண்ணும் பண்ணாதுங்க, சான்றிதழே இருக்கு" என்றார். இருக்கிறது. பொய்யும் இல்லை. மருந்து தேனீயைத் தொடவே இல்லை, அதன் சாப்பாட்டை மட்டும்தான் எடுத்தது.

'தெரியாது' என்று மூன்றாவதாக ஒரு பொத்தான் வேண்டும் என்றேன்.

"நீங்களே தெரியாதுன்னா மெஷின் என்னங்க பண்ணும்?"

"சும்மா நிக்கட்டும் சார்."

சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 11, சனி

அண்ணன் காலிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டே இன்றும் "நான்தான், நான்தான்" என்றான். தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஊதாப் பூ, நான்கு நொடி, சந்தேகம்னா களை. எல்லாம்.

"அந்தப் பூவ நீ பாத்தியா?"

"பாத்தேண்ணா."

"தப்புன்னு தோணுச்சா?"

"சந்தேகமா இருந்துச்சு."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கத்தியிருக்கலாம். ரெண்டு அறைகூட விட்டிருக்கலாம்.

மே 5, செவ்வாய்

சூரியகாந்தி பூத்தது, விதை சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் மகரந்தம் தூவ ஒரு புது இயந்திரம் வருகிறதாம். அதற்கும் நான்தான் வாத்தியார். பூ விரிந்ததா, விரியவில்லையா— இதிலும் இரண்டே பொத்தான். விட்டுவிடலாம் என்றால், இப்போது வீட்டில் வேலைக்குப் போவது நான் ஒருத்திதான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். இத்தனை நாள் கழித்து அண்ணன் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"என்னடி, முகத்துல..." என்று ஆரம்பித்தான். அந்த வார்த்தை அவன் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"...வேர்வை. தொடச்சுக்கோ" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான்.

வாங்கித் துடைத்துக்கொண்டேன். வேர்வையே இல்லை.