அந்த ஜாமெட்ரி பாக்ஸைத் திருப்பி அனுப்பு

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இர்பானாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதைத்தான் சொன்னாய். ட்ரெயினிங் போயிருக்கிறேன், சிக்னல் கிடைக்காது என்று நீ அனுப்பிய மெசேஜை நம்பி, பாவம் பிள்ளை அலைகிறதே என்று அம்மாவிடம் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். வேணி மேல் கோபப்படாதே. ஜெர்மனியில் உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளை, லீவுக்கு மண்ணச்சநல்லூர் வந்தவள் நம்மைப் பார்க்க வந்தாள், சாக்லேட் பெட்டியைக் கொடுத்துவிட்டு டீயைக்கூடத் தொடாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆபீஸ் ஆட்களோடு இரண்டு நாள் டூர் போன இடத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று நீ இன்சுலின் ஊசியே போடாமல் இருந்ததையும், மூச்சு வாங்கி விழுந்ததையும், அப்போதும் எங்களிடம் சொல்லக் கூடாதென்று அவளிடம் சத்தியம் வாங்கினதையும் சொன்னாள். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் மீட்டிங் இருக்குத்தா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். வேணி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன் ராஜாத்தி. ஆனால் வேணி போகும்போது இன்னொன்றும் சொன்னாள், இர்பானா இன்னமும் ஊசியை ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸில்தான் வைத்திருக்கிறாள் அங்கிள், புதுப் பை வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறாள் என்று. அதைக் கேட்டதும் எனக்குத் திட்டுவதற்கு வாய் வரவில்லை. அந்த பாக்ஸை வாங்கிக் கொடுத்தவன் நான். நீ பதினொன்றாவது படிக்கும்போது உன் உடம்பில் இன்சுலினே சுரக்கவில்லை, ஆயுசுக்கும் ஒரு நாளைக்கு நாலு ஊசி என்று டாக்டர் சொன்னாரே, அன்றைக்கு நான் அவரிடம் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், வெளிய ஆள் இருக்காங்க என்றுதான். என் பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று கேட்கவில்லை. இவளை யார் கட்டிக்கொள்வார் என்றுதான் மனசு ஓடியது. வருகிற வழியிலேயே கடைத்தெருவில் அந்த பாக்ஸை வாங்கினேன். ஊசி அதில் அளவெடுத்த மாதிரி அடங்கியதும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கிளாஸ்லயே போட்டா என்னத்தா என்று நீ கேட்டாய், நாலு பேருக்குத் தெரிந்தால் நன்றாகவா இருக்கும், பாத்ரூமில் போய்ப் போட்டுக்கோ என்றேன். முக்கொம்பு அணைக்கு ஸ்கூலில் டூர் கூட்டிப்போன அன்று அங்கே பாத்ரூம் பூட்டியிருந்தது, நீ ஊசி போடாமலே எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுச் சாயந்திரம் வாந்தியெடுத்தாய். பஸ் ஒத்துக்கல டீச்சர், சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் என்று நான்தான் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ட்ரெயினிங், சிக்னல் இல்லை என்ற பொய்யெல்லாம் நீ ஜெர்மனியில் படித்ததில்லை, என்னிடம் படித்தது.

இப்போது என் கதையைச் சொல்கிறேன், இதையும் உன்னிடம் மறைத்தேன். ரமலானில் எனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்னாளே, காய்ச்சல் இல்லை. எனக்கு எட்டு வருஷமாக சுகர் இருப்பது உனக்குத் தெரியும், மூன்று வருஷமாக நானும் ஊசிக்காரன் என்பது தெரியாது. டாக்டர் நோன்பு வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் நம் பள்ளிவாசலில் இருபத்தெட்டு வருஷமாக நோன்புக் கஞ்சி ஊற்றுகிற கை என்னுடையது, கஞ்சி ஊற்றுகிறவனுக்கே நோன்பு இல்லை என்றால் வரிசையில் நிற்கிற ஆள் என்ன நினைப்பான் என்று எனக்கு நானே ஒரு கௌரவம் வைத்துக்கொண்டேன். விடியுமுன் சஹர் சாப்பிட்டுவிட்டு வழக்கமான ஊசியையும் போட்டுக்கொண்டு நோன்பும் பிடித்தேன். ஒன்பதாவது நோன்பன்று சாயந்திரம் அஸர் தொழுகை முடிந்து அண்டாவைத் திறந்து நிற்கிறேன், கை நடுங்குகிறது, சட்டை நனைந்துவிட்டது, எதிரில் தூக்குவாளியை நீட்டுகிறவர் யார் என்று முகம் தெரியவில்லை. கொதிக்கிற கஞ்சியை வாளியில் ஊற்றுவதாக நினைத்து நிஜாமுதீன் காலில் ஊற்றிவிட்டு விழுந்தேன். நம் வளையல் கடைக்கு அடுத்த கடை நிஜாமுதீன்தான், உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். எனக்கு சுகர் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாதே, வெயில் மயக்கம் என்று விசிறிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். யாரோ போய்ச் சொல்லி அம்மா ஓடிவந்து சுகர் சுகர் என்று கத்திய பிறகுதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் நீ விமானம் ஏறி வந்திருக்க வேண்டியிருக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார், அதைவிட நிறைய திட்டினார்.

நிஜாமுதீன் கால் கட்டோடு நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். கால் கெடக்குது விடுங்க பாய், முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கரண்டிய நான் வாங்கியிருப்பேன்ல என்றார். இரண்டு நாள் அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் வந்தார், தீராத நோயாளிக்கு நோன்புக்குப் பதிலாக ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கிற வழி இருக்கு, அல்லா குடுத்த சலுகைய வேணாம்னு சொல்ல நீங்க யாரு காஜா பாய் என்று கேட்டுவிட்டு, பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஐந்தாம் நாள் மறுபடி அண்டா பக்கத்தில் போய் நின்றேன். அம்மா வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் வரிசையைப் பார்த்து, எனக்கு நோன்பு இல்ல, நான் சுகருக்கு ரெண்டு வேளை ஊசி போடுறேன், கை நடுங்கினா யாராவது கரண்டிய வாங்கிக்கங்க என்று சத்தமாகச் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு ஆள், கஞ்சி ஆறுது பாய், ஊத்துங்க என்றார். அவ்வளவுதான் இர்பானா. பத்து வருஷம் உன்னை பாத்ரூமுக்கு அனுப்பிய பயம் அதற்கு மேல் ஒன்றுமில்லை. மறுநாள் என் வயசுக்காரர்கள் மூன்று பேர் தனித்தனியாகக் கடைக்கு வந்து, பாய், அந்த ஊசி வலிக்குமா என்று கேட்டார்கள்.

இப்போது காலையில் நானும் அம்மாவும் காவிரிப் பாலத்தில் ஏறி மாம்பழச்சாலை வரை நடந்துபோய் ஸ்ரீரங்கத்துக் காற்றைக் குடித்துவிட்டுத் திரும்புகிறோம். புர்கா போட்டுக்கொண்டு கேன்வாஸ் ஷூவா, ஊர் சிரிக்கும் என்றவள் இப்போது எனக்குப் பத்தடி முன்னால் போகிறாள், திரும்பிப் பார்த்து முறைக்கிறாள். எனக்கு அறுபத்தொன்று, இந்த உடம்பு இப்படித்தான், இதற்குச் சோறு குறைவு, பரோட்டா வெள்ளிக்கிழமை மட்டும், ஊசி தினமும் என்று ஒத்துக்கொண்ட பிறகு பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது. நீயும் உன் உடம்பை ஒத்துக்கொள். எனக்கு உண்டான அதே வியாதி இல்லை உன்னுடையது, நான் ஒரு வேளை தவறினாலும் தாக்குப்பிடிப்பேன், நீ பிடிக்க மாட்டாய். சாப்பாட்டு மேஜையிலேயே போடு. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கூட வேலை செய்கிறவர்களில் இரண்டு பேருக்காவது, நீ விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவை, இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

காட்டூர் அப்துல் ஹலீம் வீட்டு சம்பந்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பெண் கேட்டு வருகிறார்கள். நிக்காஹ் முடிந்து மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று போன வருஷம் உன்னிடம் சொன்னது நான்தான், அதை இப்போது வாபஸ் வாங்குகிறேன். உன் உடம்பு, உன் விஷயம், நீ சரி என்று சொல்லாமல் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் மறைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் டீ ஆற்றவும் மாட்டேன். சொல்லுங்கத்தா என்று நீ சொன்னால் வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சு அதுதான். வேண்டாம் என்றால் வராதீர்கள் என்று போன் செய்துவிடுவேன். கேட்டுவிட்டு எழுந்து போனால் போகட்டும், பிரியாணி நமக்கு மிச்சம். மருமகன் வராமல் போனால் வருத்தப்படுவேன், மறுக்கவில்லை. ஆனால் என் மகள் யாருக்கோ பயந்து ஒரு வேளை ஊசியைத் தவறவிடுகிற வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்.

பார்சலில் இனிப்பு வட்டலப்பம் இல்லை, ஏங்காதே, மிளகாய்த்தூள், வேணிக்கு முறுக்கு, அப்புறம் அம்மா தைத்த ஒரு பை இருக்கிறது. சிவப்பு வெல்வெட், கடையிலிருந்து சின்னச் சின்னக் கண்ணாடியெல்லாம் எடுத்துப் பதித்து உன் பேரையும் பெரிசாகத் தைத்திருக்கிறாள், பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கும் தெரியும். ஜெர்மனிக்காரர்கள் ஒரு தினுசாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. ஊசியை அதில் வை.

எல்லா அப்பாக்களும் பிள்ளைக்கு நல்ல இடம், நல்ல வேலை என்று துஆ கேட்பார்கள், நானும் கேட்டேன். இப்போது ஐந்து வேளையும் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், என் இர்பானா கிழவியாக வேண்டும், முடியெல்லாம் நரைத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு, பேரப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று. அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், அதனால் இப்போதே கேட்டு வைக்கிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் அதைச் சுமக்கிற தைரியத்தையும் தரட்டும். அம்மா சலாம் சொல்லச் சொன்னாள், முத்தமும் தந்தாள்.

மறந்துவிடாதே, அந்த ஜாமெட்ரி பாக்ஸை எனக்குத் தபாலில் திருப்பி அனுப்பு. எதற்கு என்று கேட்காதே. அது காலியாக இருப்பதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டு வேளை ஊசி போடுகிற உன் அத்தா,
காஜா மைதீன்