வராத நாணயம்

மஸ்விங்கோ,
புதன்கிழமை

ருவிம்போவின் அப்பாவுக்கு,

நேற்று உங்கள் தம்பி மாட்டு வண்டியில் என் பொருள்களைக் கொண்டுவந்து என் அப்பா வீட்டு முற்றத்தில் இறக்கினார். பிரிந்தால் அடுப்படிச் சாமான் மனைவிக்கே என்ற நம் வழக்கத்தை மதித்திருக்கிறீர்கள். சட்டி, தட்டு, களி கிண்டும் துடுப்பு, எல்லாம் வந்தன. விரிசல் விட்ட தண்ணீர்ப் பானையைக்கூட வைக்கோல் சுற்றி அனுப்பியிருந்தீர்கள். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பானைமேல் உங்களுக்கு இத்தனை அக்கறை இருந்து நான் பார்த்ததில்லை.

மக்காச்சோளக் காடு உங்களுக்கே இருக்கட்டும். ருவிம்போ விடுமுறைக்கு உங்களிடம் வருவாள். வேர்க்கடலை தின்றால் அவளுக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வரும். புலவாயோ நகரத்திலிருந்து வந்திருக்கும் அந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

என் அத்தை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "காசு எங்கடி? நம்ம வழக்கப்படி புருஷன் அந்த ஒத்தக் காச குடுத்தாத்தானே தீத்துவிட்டதா அர்த்தம்? அது வராத வரைக்கும் நீ அவன் பொண்டாட்டிதான்" என்றாள்.

உங்கள் தம்பி தரையைப் பார்த்தபடி, "அண்ணன் காசு எதுவும் குடுக்கலியே அண்ணி" என்றார்.

மறந்திருப்பார் என்று அத்தையிடம் சொன்னேன். விரிசல் பானைக்கு வைக்கோல் தேடியவரா மறப்பார் என்று அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் வீட்டில்தான் இருப்பேன். காசோடு வந்தாலும் சரி, காசில்லாமல் வந்தாலும் சரி, நீங்களே வாருங்கள். தம்பியை அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா