மூன்றைத் தாண்டாத விரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, ஆனால் லாரியை எடுத்துவிட்டால் ஐஸ் தண்ணீர்தான் குடிக்கிறார், சொன்னால் கேட்கிற ஆளா அவர். பேக்கரியில் புது அடுப்பு வந்திருக்கிறது, எங்கள் முதலாளியைப் போலவே சட்டென்று சூடாகிவிடுகிறது, முதல் தட்டு ரொட்டியெல்லாம் கரி.

சின்னவளைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். அவள் கணக்கில் பெயிலான பிறகு நீ போனில் சொல்லிக்கொடுத்தாயே, அன்றைக்கு நீ "இதுகூடவா உன் மண்டையில ஏறல" என்று கேட்டதும் அவள் போனை வைத்ததும் எனக்குத் தெரியும். வேலை அலுப்பில் வாய் தவறி வந்த வார்த்தை, உன் மனசு எனக்குத் தெரியாதா. ஆனால் அவள் அதையே பிடித்துக்கொண்டு, புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "நானும் உன்கூட பேக்கரிக்கே வரேம்மா, படிப்பு வேணாம்" என்றாள். வராதே என்றால் இன்னும் முறுக்கிக்கொள்வாள். அதனால் எது புரியவில்லை என்று எனக்காவது சொல்லேன் என்றேன். "உனக்கு என்னம்மா புரியப்போவுது" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று, அதற்காகவே விடாமல் நச்சரித்தேன்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு தாளை விரித்தாள். ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பை வைத்து, அதாவது உள்ளே இருப்பது தருகிற எண்ணை வெளியே இருப்பதற்குக் கொடுத்து, அதன் எல்லை மதிப்பை, நெருங்க நெருங்க விடை எங்கே போகிறது என்பதை, வரைபடத்தைப் பார்த்தே சொல்ல வேண்டுமாம். உள்ளே இருப்பதன் கோடு குன்று மாதிரி ஏறி, மூன்று என்ற உயரத்தை உச்சியில் தொட்டுவிட்டு மறுபக்கம் இறங்கியது. வெளியே இருப்பதன் கோடோ மூன்றுக்கு நேரே அறுந்து கிடந்தது, இடப்பக்கத் துண்டு ஐந்து உயரத்தில் முடிகிறது, வலப்பக்கத் துண்டு ஒன்றில் தொடங்குகிறது. குன்றின் உச்சியை நெருங்கும்போது விடை என்ன என்பது கேள்வி. கோடு அறுந்திருக்கிறதே, எல்லை மதிப்பு கிடையாது என்று பரீட்சையில் எழுதினேன், தப்பென்று அடித்துவிட்டார்கள், ஏன் என்றே விளங்கவில்லை என்று கண் கலங்கினாள். பிறகு அவளே ஓர் ஏற்பாடு செய்தாள். நான் குன்றின் மேல் விரலை நகர்த்தி உயரத்தைச் சொல்ல வேண்டும், அவள் தன் தாளில் அந்த எண்ணுக்கு நேரே விரலைக் கொண்டுபோவாள். இடப்பக்கமிருந்து ஏறினேன், இரண்டு, இரண்டரை, மூன்றுக்குக் கொஞ்சம் கம்மி. அவள் விரல் ஐந்தை நெருங்கியது. அடுத்து வலப்பக்கமிருந்து ஏறினேன், மறுபடியும் இரண்டரை, மறுபடியும் மூன்றுக்குக் கொஞ்சம் கம்மி. அறுந்த கோட்டின் வலத்துண்டில் விரலைத் தயாராக வைத்திருந்தவள் அப்படியே என்னைப் பார்த்தாள். "அம்மா, எந்தப் பக்கம் வந்தாலும் நீ மூணைத் தாண்டவே இல்லையே! அப்ப நான் ஏன் இந்தப் பக்கம் போறேன், விடை அஞ்சும்மா, அஞ்சு" என்று கத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், என் மேலெல்லாம் பேக்கரி மாவு என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் பாதிதான் விளங்கியிருக்கிறது, ஆனால் அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுதேர்வு எழுதிவிட்டாள். அந்த மாதிரி கேள்வி வந்ததாம், செய்துவிட்டாளாம், வேறு சிலதை விட்டுவிட்டாளாம், பாஸ் ஆவாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அக்கா ஏதாச்சும் கேட்டாளா" என்றாள். பரீட்சையைப் பற்றி நீ நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் இல்லை என்று சொல்ல வாய் வராமல் மழுப்பிவிட்டேன். நீயும் என்னிடம் சுற்றி வளைத்து அவளைப் பற்றித்தான் கேட்கிறாய், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி. அடுத்த வாரம் ரிசல்ட். அது வந்த பிறகு கூப்பிட்டால், பாஸ் ஆனதற்காகக் கூப்பிட்டாய் என்று நினைப்பாள், பெயிலானால் பரிதாபத்துக்கு என்று நினைப்பாள். அதற்கு முன்னாலேயே கூப்பிடு கண்ணு. கணக்குப் பேச்சே வேண்டாம், "என்னடி பண்ற" என்று கேள், போதும்.

எங்கிருந்தாலும் நீ நோய்நொடியில்லாமல், மனசு நிறைந்து வாழ வேண்டும். மறந்துவிடாதே, சாயங்காலம் அவள் வீட்டில்தான் இருப்பாள், போன் கைக்கெட்டுகிற தூரத்திலேயே இருக்கும், யாருக்காக என்று நான் கேட்பதில்லை.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா